அருமையும் விலையும்: பழம்பாணிக் கைக்கடிகாரமும் மலைநாட்டுத் தேயிலையும்

ஒரு பொருளுக்கு விலை எங்கிருந்து வருகின்றது என்னும் வினா பொருளியலின் தொடக்க வினாக்களுள் ஒன்றாகும். உயிருக்கு இன்றியமையாத நீர் மலிவாயும், இன்றியும் வாழக்கூடிய வைரம் விலைமிக்கதாயும் இருத்தல் ஏன் என்று அதம் சிமித் 1776 ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் பெருநூலில் வினாவினார். பின்வந்த பொருளியலார், மொத்தப் பயனன்று, இறுதியாகக் கிடைக்கும் ஓர் அலகின் பயனே விலையைத் தீர்மானிக்கின்றது என விடை கண்டனர். நீர் மிகுதி, ஆகவே இன்னுமொரு குவளையின் பயன் சிறிது. வைரம் குறைவு, ஆகவே இன்னுமொரு கல்லின் பயன் பெரிது. நம் மொழியில் 'அருமை' என்னும் ஒரு சொல்லே கிடைத்தற்கரிய தன்மையையும் மதிப்பு மிக்க தன்மையையும் ஒருங்கே குறிப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. ஆயினும் அவ்விரண்டும் எப்பொழுதும் ஒன்றல்ல. அவை எங்கே சேர்கின்றன, எங்கே பிரிகின்றன என்பதை இரு பொருள்களைக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, வரையறுத்த எண்ணிக்கையில் வெளியிடப்படும் பழம்பாணிக் கைக்கடிகாரம். மற்றையது, நம் வாயிலில் விளையும் தேயிலை.

மணி காட்டும் தொழில் போயும் விலை போகாமை

தோட்டத்து வாழ்வில் நேரம் நெடுங்காலம் பிறர் கையில் இருந்தது. விடியுமுன் தப்பொலி எழுப்பியது. பிரட்டுக்களத்திலே பேர் பதிந்தது. ஸ்டோர்ச் சங்கு வேலையின் தொடக்கத்தையும் முடிவையும் அறிவித்தது. துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் மணிக்கூடு வேண்டியிருந்தது. கொழுந்தெடுப்போருக்குச் சங்கே போதும் என்று கருதப்பட்டது. ஆகவே கைக்கடிகாரம் எம்மவரிடையே காலங்காட்டும் கருவியாக மட்டுமன்றி, தன் நேரத்தைத் தானே அறியும் நிலையின் அடையாளமாகவும் மதிக்கப்பட்டது. முதற் சம்பளத்திலே கைக்கடிகாரம் வாங்குதலும், ஓய்வுபெறும் ஆசிரியருக்கு அதனைப் பரிசளித்தலும் இம்மதிப்பினின்று தோன்றிய வழக்கங்களே.

கருவி என்ற அளவில் அதன் அருமை 1969 ஆம் ஆண்டில் ஆட்டங்கண்டது. அவ்வாண்டு டிசம்பர் 25 ஆம் நாள் யப்பானியச் சீக்கோ நிறுவனம் 'அஸ்ட்ரன்' என்னும் குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. அதன் விலை 450,000 யென். அக்காலத்திற் சிறிய மோட்டார் வண்டி ஒன்றின் விலையளவு. ஆனால் மின்னணுப் பொருள்களின் இயல்புப்படி அவ்விலை விரைவில் வீழ்ந்தது. பத்து ஆண்டுகளுள், கைவேலையாற் செய்த பொறிக்கடிகாரத்தினும் திருத்தமாக மணி காட்டும் கடிகாரம் எவரும் வாங்கத்தக்க விலைக்கு வந்துவிட்டது. 1970 அளவில் ஏறக்குறைய 90,000 பேருக்கு வேலையளித்த சுவிற்சர்லாந்துக் கடிகாரத் தொழிலில், 1980களின் நடுப்பகுதியில் அதன் மூன்றிலொரு பங்கினர் அளவிலேயே எஞ்சினர்.

அத்தொழில் அழியாது பிழைத்த வகையே நமக்குப் பாடம். 1970களின் முற்பகுதியில் ஆண்டொன்றுக்கு எட்டுக் கோடிக்கு மேற்பட்ட கடிகாரங்களையும் கடிகாரப் பொறிகளையும் ஏற்றுமதி செய்த அந்நாடு, 2023 ஆம் ஆண்டில் ஒரு கோடியே 69 இலட்சம் கைக்கடிகாரங்களையே ஏற்றுமதி செய்தது. ஆயினும் அவ்வாண்டு ஏற்றுமதி வருமானமோ 2,670 கோடி சுவிஸ் பிராங்குக்கு உயர்ந்திருந்தது. திருத்தமாக மணி காட்டுதலைப் பிறருக்கு விட்டு, கைத்திறன், பழமை, அருமை என்பவற்றை அவர்கள் விற்கத் தொடங்கினர். 'லிமிற்றட் எடிஷன்' என வணிகர் கூறும் வரையறுத்த வெளியீடு அவ்விற்பனையின் தலையாய உத்திகளுள் ஒன்று. உதாரணமாக, ஒமேகா நிறுவனம் தான் 1957 ஆம் ஆண்டில் வெளியிட்ட மூன்று மாதிரிகளை 2017 ஆம் ஆண்டில் பழைய வடிவிலேயே மீளச் செய்து, ஒவ்வொன்றும் 3,557 மட்டுமே என அறிவித்தது. அதே ஆண்டிற் சீக்கோ 1965 ஆம் ஆண்டுச் சுழியோடிக் கடிகாரத்தின் வடிவை 2,000 மட்டும் எனக் குறித்து மீள வெளியிட்டது.

கேள்வியும் நிரம்பலும்

சாதாரணப் பொருளின் விலை ஏறினால் ஆக்குவோர் கூடுதலாக ஆக்குவர்; நிரம்பல் பெருகும்; விலை தணியும். வரையறுத்த வெளியீட்டில் இவ்வழி அடைபட்டுள்ளது. விலை எவ்வளவு ஏறினும் எண்ணிக்கை மாறாது. வரைபடத்தில் நிரம்பற் கோடு செங்குத்தாக நிற்கும். ஆகவே விலையை முழுவதும் ஆட்டிவைப்பது கேள்வியே.

இதனைக் கற்பனை எண்களாற் காண்போம். ஒரு நிறுவனம் 500 கடிகாரங்களை மட்டும் செய்கின்றது எனக் கொள்க. விலை ஓர் இலட்சம் ரூபாவாயின் 900 பேரும், ஒன்றரை இலட்சமாயின் 500 பேரும், இரண்டு இலட்சமாயின் 300 பேரும், மூன்று இலட்சமாயின் 120 பேரும் வாங்க ஆயத்தமாயுள்ளனர். ஒன்றரை இலட்சத்திற்கு விற்றால் ஐந்நூறும் விலைப்படும். வருமானம் ஏழரைக் கோடி. மூன்று இலட்சம் கேட்டால் 380 கடிகாரங்கள் தேங்கும். வருமானமும் 3 கோடி 60 இலட்சமாகச் சுருங்கும். ஓர் இலட்சத்திற்கு விற்றால் ஐந்நூறும் உடனே தீரும். 400 பேர் வெறுங்கையுடன் திரும்புவர். வருமானம் ஐந்து கோடி மட்டுமே.

இக்கணக்கைக் கண்ட மாணவன், நிறுவனம் ஒன்றரை இலட்சத்தையே விலையாக வைக்கும் என்பான். நடைமுறையிலோ பல நிறுவனங்கள் அதனிற் குறைந்த விலையையே வைக்கின்றன. வாங்கியவருட் சிலர் அதனை உடனே மறுவிற்பனைக்கு விடுவர்; இரண்டாஞ் சந்தையிலே விலை ஒன்றரை இலட்சத்தை நோக்கி ஏறும்; இடைப்பட்ட ஐம்பதினாயிரம் மறுவிற்பனையாளனுக்குச் சேரும். நிறுவனம் இவ்வூதியத்தை ஏன் கைவிடுகின்றது?

காரணங்கள் மூன்று கூறலாம். முதலாவது, விற்றுத் தீராத வரையறுத்த வெளியீடு நிறுவனத்தின் பெயருக்கே இழுக்கு. 'அரிது' என்று கூறப்பட்டது கண்ணாடிப் பெட்டியிற் கிடந்தால் அதனை எவரும் அரிதென நம்பார். இரண்டாவது, வெறுங்கையுடன் திரும்பிய நானூறு பேரும் அந்நிறுவனத்தின் சாதாரணக் கடிகாரங்களுக்கு வாடிக்கையாளராகக் கூடியவர்கள். கைவிட்ட இரண்டரைக் கோடியை விளம்பரச் செலவெனக் கொள்ளலாம். மூன்றாவது, இத்தகைய பொருளில் ஒருவரது விருப்பம் மற்றவரது விருப்பத்தைத் தூண்டுகின்றது. பிறர் காண நுகர்தலைப் பற்றித் தோர்ஸ்டைன் வெப்லன் 1899 ஆம் ஆண்டிலேயே விரித்தெழுதினார். வரிசை நீள நீள, வரிசையிற் சேர விரும்புவோரும் பெருகுவர்.

வாக்குறுதியின் விலை

இனி நுட்பமானதொரு சிக்கல் உண்டு. நீடித்து உழைக்கும் பொருளைத் தனியொருவனாக விற்பவன் தன் வருங்காலத்தோடு தானே போட்டியிடுகின்றான் என்பதை, பின்னாளில் நொபெல் பரிசு பெற்ற றொனால்ட் கோஸ் 1972 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். இன்று உயர்ந்த விலைக்கு விற்றபின், நாளை மீதமுள்ளோருக்குக் குறைந்த விலையில் விற்க அவனுக்கு ஆசை பிறக்கும். அதனை முன்னறியும் நுகர்வோன் இன்று வாங்காது காத்திருப்பான். ஆகவே 'இனிச் செய்யேன்' என்னும் உறுதியே அவனுடைய மெய்யான சரக்கு. அச்சடித்தபின் ஓவியத்தகட்டை உடைத்துவிடும் ஓவியனும், ஒவ்வொரு கடிகாரத்தின் முதுகிலும் வரிசை எண்ணைப் பொறிக்கும் நிறுவனமும் செய்வது ஒன்றே: தம் கையைத் தாமே கட்டிக்கொள்ளுதல்.

பழம்பாணி வெளியீடுகளில் இவ்வுறுதி தளர்வதைக் காணலாம். ஐந்நூறு முடிந்தபின் முகத்தின் நிறத்தை மட்டும் மாற்றி இன்னுமோர் ஐந்நூறு வெளிவரும். எண்ணிக்கை பொய்யன்று, ஆயினும் அருமை குன்றும். எனவே வாங்குவோன் கேட்கவேண்டிய வினா 'எத்தனை செய்தனர்?' என்பது மட்டுமன்று; 'இதனை ஒத்தது மீண்டும் வருவதை எது தடுக்கின்றது?' என்பதுமாகும்.

ஏலம் காட்டும் இரு சான்றுகள்

தானே அரிதானதும் திட்டமிட்டு அரிதாக்கப்பட்டதும் வேறு. முன்னதற்குச் சான்று, நடிகர் போல் நியூமன் அணிந்திருந்த ரோலெக்ஸ் டேற்றோனா. அவ்வகை அலங்கார முகங்கொண்ட கடிகாரம் 1960களில் சில நூறு டொலருக்கு விற்கப்பட்டதாயினும், வாங்குவோர் குறைவாகவே இருந்தனர். விலைபோகாமையாற் சிலவே செய்யப்பட்டன. சிலவே செய்யப்பட்டமையாற் பிற்காலத்தில் அரிதாயின. அவர் மனைவி பரிசளித்த அக்கடிகாரம் 2017 ஒக்டோபரில் நியூயோர்க்கிலே பிலிப்ஸ் ஏலத்தில் ஒரு கோடியே 77 இலட்சம் டொலருக்கு மேல் விலைப்பட்டது. அணிந்தவர் பெயரும் கொடுத்தவர் அன்பும் சேர்ந்த அக்கடிகாரம் உலகில் ஒன்றே ஒன்று.

பின்னதற்குச் சான்று, பட்டேக் பிலிப் நிறுவனம் 1976 ஆம் ஆண்டில் தோன்றிய தன் 'நோட்டிலஸ்' வடிவில் ரிபனி நகைமாளிகையின் நீலநிற முகத்தோடு 2021 ஆம் ஆண்டில் வெளியிட்ட 170 கடிகாரங்கள். கடைவிலை 52,635 டொலர். அவற்றுள் ஒன்று அவ்வாண்டு டிசம்பரில் அறப்பணி ஒன்றன் பொருட்டு ஏலமிடப்பட்டு, 65 இலட்சம் டொலருக்கு விலைபோயிற்று. எனினும் அதனையே நிலைத்த விலை எனக் கொள்ளலாகாது. பெருந்தொற்றுக் காலத்தில் வட்டி குறைந்தும் கைப்பணம் மிகுந்தும் இருந்தமையால் ஏறிய மறுவிற்பனை விலைகள், 2022 ஆம் ஆண்டின் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்டு, வட்டி ஏறியதும் நீண்டகாலம் சரிந்தன. எண்ணிக்கை மாறவில்லை, கேள்வி மாறியது. செங்குத்தான நிரம்பற் கோடு விலையை ஏற்றுவது போலவே இறக்கவும் வல்லது என்பதை மாணவர் மறத்தலாகாது.

அயல்நாட்டுப் பாடம்

மிகுதியாகச் செய்யப்பட்ட பொருளும் அருமை பெறலாம் என்பதற்கு இந்தியாவின் எச். எம். ரி. கடிகாரம் சான்றாகும். யப்பானியச் சிற்றிசன் நிறுவனத்தின் உதவியுடன் 1961 ஆம் ஆண்டில் பெங்களூரிலே தொடங்கிய இவ்வரசுத் தொழிலகம், 'ஜனதா' என்னும் பெயராலேயே பொதுமக்களுக்கெனக் கடிகாரம் செய்தது. தமிழ்நாட்டு அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமும் டாட்டா நிறுவனமும் கூட்டாக 1984 ஆம் ஆண்டில் அமைத்த ரைற்றன், ஓசூரிலே குவாட்ஸ் கடிகாரங்களைச் செய்யத் தொடங்கவே, சாவி கொடுக்கும் கடிகாரம் பின்தங்கிற்று. தொழிலகம் மூடப்படும் என்ற செய்தி 2014 ஆம் ஆண்டிற் பரவியதும், ஆண்டுக்கணக்காக வெறிச்சோடிக் கிடந்த விற்பனை நிலையங்களிற் கூட்டம் நிரம்பியது. எச். எம். ரி. கடிகார நிறுவனத்தை மூடும் முடிவை இந்திய அமைச்சரவை 2016 சனவரியில் எடுத்தது. பொருள் மாறவில்லை, 'இனிக் கிடையாது' என்னும் ஒரு சொல்லே கேள்வியைப் பெருக்கியது.

அருமைக்குப் பின்னே போலியும் வரும். பழைய எச். எம். ரி., பேவர்லூபா முதலிய கடிகாரங்களின் முகத்தை மீளப் பூசி, பல கடிகாரங்களின் உறுப்புகளை ஒன்றாக்கிப் 'பழையது' என விற்றல் இந்தியச் சந்தையிற் பெருகிற்று. சேகரிப்போர் அவற்றை 'மும்பை ஸ்பெஷல்' என எள்ளி நகையாடுவர். ஐம்பது ஆண்டு கடந்த கடிகாரத்தின் முகம் நேற்று அச்சிட்டதுபோற் பளபளத்தல், எழுத்துகள் தடித்துக் கலங்கியிருத்தல், பழைய மாதிரியில் என்றுமே இல்லாத நிறங்கள் தோன்றுதல் என்பன ஐயத்துக்குரிய குறிகள். பற்றுச்சீட்டும் வரிசை எண்ணும் உள்ளிருக்கும் பொறியும் ஒன்றோடொன்று ஒத்துள்ளனவா என நோக்குதல் வேண்டும்.

நம் வாயிலின் அருமை

இனித் தேயிலைக்கு வருவோம். ஜேம்ஸ் ரெயிலர் 1867 ஆம் ஆண்டில் லூல்கந்துரவில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டார். கோப்பியை நோய் அழித்தபின் தேயிலை மலைநாடெங்கும் பரவியது. 1891 ஆம் ஆண்டில், அட்டனுக்கு அண்மையிலுள்ள மஸ்கெலியாவின் கார்ட்மோர் தோட்டத்துப் பொன்னிற நுனிக்கொழுந்துத் தேயிலை, இலண்டன் மின்சிங் லேன் ஏலத்தில் இறாத்தல் ஒன்று 25 பவுணுக்கு மேல் விலைப்பட்டது. சாதாரண இலங்கைத் தேயிலை ஒரு சிலிங்கு அளவிலோ அதற்குக் குறைவாகவோ விற்ற காலம் அது. அஃதாவது ஐந்நூறு மடங்கு விலை. வரையறுத்த வெளியீடு என்னும் பெயர் வழங்காத காலத்தில் அதன் இலக்கணம் முழுவதும் அங்கே அமைந்திருந்தது: மிகச் சிறிய அளவு, கைத்தேர்வு, ஏலக்கூடத்தின் பரபரப்பு, வாங்கிய வணிகனுக்குச் செய்தித்தாள்களிற் கிடைத்த விளம்பரம்.

ஆயின் அவ்விலை மற்றத் தேயிலையை உயர்த்தியதா? இல்லை. பயிர்நிலம் பெருகப் பெருக 1890களிற் சராசரி விலை இறங்கியே வந்தது. உலக மந்தத்தில் விலை வீழ்ந்தபோது, இலங்கை, இந்தியா, ஒல்லாந்தரின் கிழக்கிந்தியத் தீவுகள் ஆகியவற்றின் ஆக்குவோர் 1933 ஆம் ஆண்டில் உடன்படிக்கை செய்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினர். அதுவும் எண்ணிக்கையை வரையறுத்தலே. ஆயினும் தேயிலை குடித்துத் தீரும் பொருள். வெயிலும் மழையும் ஏற்ற மலை எங்கிருப்பினும் பயிரிடத்தக்கது. அதனைப் பெட்டியில் வைத்து ஐம்பதாண்டு காக்க இயலாது. ஆகவே கடிகாரத்துக்குரிய அருமை தேயிலை முழுவதற்கும் ஒருபோதும் வாராது.

எனினும் ஓர் அருமை இயற்கையே நமக்கு வரையறுத்துத் தந்துள்ளது. சனவரி முதல் மார்ச் வரை, பனிக்குளிரும் வறண்ட காற்றும் சேரும் நாள்களில், திம்புள்ளைப் பகுதியிலும் நுவரெலியாவிலும் கொழுந்து மெதுவாகத் துளிர்த்து மணம் செறிகின்றது. ஊவாவில் அது யூலை முதல் செப்டம்பர் வரை நிகழும். அச்சில வாரங்களின் தேயிலையை வேறெந்த நாட்டிலும், ஏன், அதே தோட்டத்தில் வேறெந்த மாதத்திலும் ஆக்க முடியாது. இது எவனுடைய வாக்குறுதியையும் சாராத வரையறை. கோஸ் கூறிய ஐயம் இதற்கில்லை.

அவ்வாறாயின் இவ்வருமையின் ஊதியம் யாருக்குச் சேர்கின்றது? 2023 ஆம் ஆண்டில் இலங்கை ஏறக்குறைய 24 கோடி கிலோ தேயிலையை ஏற்றுமதி செய்து 130 கோடி டொலர் அளவில் ஈட்டியது. கிலோ ஒன்றுக்குச் சராசரி ஐந்து டொலருக்குச் சற்று மேல். சுவிற்சர்லாந்துக் கடிகாரம் அதனைச் செய்த ஊரின் பெயரோடும் செய்தவரின் பெயரோடும் நுகர்வோன் கையை அடைகின்றது. நம் தேயிலையிற் பெரும்பகுதியோ கொழும்பு ஏலம் வரை தோட்டத்துப் பெயரைத் தாங்கி நின்று, அதன்பின் பிறவற்றோடு கலந்து வேறொருவர் பெயரிற் குடிக்கப்படுகின்றது. பெயரை உடையவனே அருமையின் விலையைப் பெறுகின்றான். இலங்கையிலேயே பொதிசெய்த தூய இலங்கைத் தேயிலைக்கு மட்டும் தேயிலைச் சபை வழங்கும் சிங்கச்சின்னம் இவ்வுண்மையை உணர்ந்து செய்த ஏற்பாடாகும்.

இன்னுமொன்று கூறாதுவிடல் முறையன்று. ஒரு சக்கரத்தின் விளிம்பைத் தேய்க்கும் கடிகாரத் தொழிலாளியின் கையைப் படமெடுத்து உலகெங்கும் காட்டி, அதனையே விலைக்குக் காரணமாகச் சொல்கின்றனர். இரண்டிலையும் ஒரு மொட்டுமாக ஆய்ந்தெடுக்கும் கையும் அத்தகைய திறன்வாய்ந்த கையே. முற்றிய இலை கலந்தால் எந்தப் பருவமும் எந்தத் தொழிற்சாலையும் அத்தேயிலையைச் சிறப்பிக்க இயலாது. ஆயினும் அக்கையின் கூலி பெரும்பாலும் நிறையையே நோக்கி அளக்கப்பட்டு வந்துள்ளது. நீண்ட போராட்டத்தின் பின்னரே நாட்சம்பளம் 1,000 ரூபா என 2021 ஆம் ஆண்டில் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாவினின்று 360 ரூபாவுக்கு ஏறியமையால், அவ்வாயிரத்தின் வாங்கும் வலு வெகுவாகக் குன்றிற்று. நிறைக்கு மட்டும் கூலி கொடுத்துவிட்டு நயத்தை எதிர்பார்த்தல் பொருளியலுக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது. அருமையாக விற்க விரும்பும் தோட்டம், அவ்வருமையை ஆக்கும் கைக்கும் அதில் ஒரு பங்கை வகுத்தல் வேண்டும்.

இளைஞருக்கு ஒரு சொல்

கைக்கடிகாரத்தை முதலீடு என்று சொல்லி விற்போர் இன்று மிகுதி. அது வட்டி தருவதில்லை; சில ஆண்டுகளுக்கொருமுறை பழுதுபார்ப்புச் செலவைக் கேட்கும்; விற்கும்போது இடைத்தரகனுக்குப் பங்கு போகும். ரூபா மதிப்பிழந்த காலத்தில் அதன் ரூபா விலை ஏறினால், ஏறியது கடிகாரமன்று, இறங்கியது ரூபா என்பதை உணர்தல் வேண்டும். விரும்பி அணிவதற்கு, கடன்படாது வாங்குதல் தக்கது. நாளை ஏறும் என நம்பிக் கடன்பட்டு வாங்குதல் தகாது. தந்தையோ பாட்டனாரோ விட்டுச்சென்ற பழைய கடிகாரம் வீட்டில் இருப்பின், அதன் முகத்தைப் புதுப்பிக்காது, பொறியை மட்டும் தேர்ந்த ஒருவரிடம் துப்புரவு செய்வித்துப் பேணுக. சந்தை அதற்குச் சிறு விலையே கூறினும், அது வேறெங்கும் வாங்க முடியாத ஒன்று.

மாணவர் சிந்தனைக்கு

1. மேலே காட்டிய கற்பனைக் கணக்கில் நிறுவனம் 300 கடிகாரங்களை மட்டுமே செய்திருந்தால், எவ்விலையில் வருமானம் மிகும்? ஐந்நூறு செய்த நிலையோடு ஒப்பிடுக.

2. பருவகாலத் தேயிலை, பழம்பாணிக் கைக்கடிகாரம் ஆகிய இரண்டனுள் எதன் வரையறை உறுதியானது? எதன் கேள்வி உறுதியானது? காரணம் காட்டுக.

3. தோட்டமொன்று பருவகாலத் தேயிலையைத் தன் பெயரிலேயே பொதிசெய்து விற்பதாயின், கிடைக்கும் மேலதிக வருமானத்தை உரிமையாளர், தொழிற்சாலை, கொழுந்தெடுப்போர் ஆகியோரிடையே எம்முறையிற் பகிர்தல் தகும்? உம் குடும்பத்தாரோடும் உரையாடி விடை எழுதுக.